துணியில் மிச்சம் நிற்பது

புனேயில் ஆடி மாதம் பிள்ளை பிறந்தால் துணி காயாது. பிம்ப்ளே சௌதாகரில் மகள் வீட்டுக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்தபோது இதை நேரில் கண்டேன். ஹால் நாற்காலி, பால்கனிக் கம்பி, கதவுத் தாழ்ப்பாள் என்று எங்கு பார்த்தாலும் மூத்திரத் துணிகள் தொங்கின. எதிர்வீட்டு ஆஜி (மராட்டிப் பாட்டி) தன் பழைய நூல் புடவைகளை அடுக்கித் தைத்துக் கொடுத்த கோதடி மூன்று நாளாகியும் ஈரம் விடவில்லை.

மூன்றாம் வாரம் பேரனின் கழுத்திலும் முதுகிலும் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்தது. "சோப்புத்தூள்தான் ஒத்துக்கலைம்மா" என்றாள் மகள். மாப்பிள்ளை அன்று மாலையே, குழந்தைகளுக்கென்று விற்கிற திரவ சோப்பில் இரண்டு வகை வாங்கி வந்தார். வீட்டில் வழக்கமாக வாங்குவதைப்போல மூன்று மடங்கு விலை. "ரெண்டுல எதும்மா நல்லது?" என்று அவள் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. மறுநாள் குழந்தை மருத்துவர் பார்த்துவிட்டு வேர்க்குரு என்றார். மழைக்குக் குளிருமே என்று ஜப்லா, குல்லா, கம்பளி, கோதடி என்று நாங்கள் சுற்றிய சுற்றில் வந்தது. இரண்டு சுற்றைக் குறைத்ததும் நாலு நாளில் அடங்கிவிட்டது.

அவள் கேட்ட கேள்விக்கு உருப்படியான பதில் சொல்லவேண்டும் என்று அதன் பிறகுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

குழந்தையின் தோலில் எது வந்தாலும் முதல் பழி சோப்பு மேல்தான் விழுகிறது. பெரும்பாலும் காரணம் வேறாக இருக்கிறது. கழுத்து மடிப்பிலும் முதுகிலும் வருவது அநேகமாக வேர்க்குரு. இடுப்புக்குக் கீழே சிவந்தால் ஈரத் துணியும், மலமும் மூத்திரமும் நெடுநேரம் தோலோடு கிடந்ததும்தான் முதல் சந்தேகம். 2002-இல் வட அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. தோல் அழற்சியோடு மருத்துவர்களிடம் வந்த 700-க்கும் மேற்பட்டவர்களுக்குச் சலவைத்தூளை வைத்து ஒட்டுச் சோதனை செய்தார்கள். ஒவ்வாமை தெரிந்தது நூற்றுக்கு ஒருவர் கணக்கில்கூட வரவில்லை.

அதற்காக எதைப் போட்டுத் துவைத்தாலும் சரி என்று விட்டுவிடவும் முடியாது. பச்சைப் பிள்ளையின் மேல்தோல் அடுக்கு பெரியவர்களுடையதைவிட ஏறக்குறைய 30 சதவீதம் மெலிது. பிறக்கும்போது அதற்கு அமிலத்தன்மை அநேகமாக இல்லை. நம் தோலுக்குக் காவலாக இருக்கும் அந்த லேசான புளிப்பு, பிறந்த சில வாரங்களில்தான் மெல்லப் படிகிறது. சலவைத்தூள் கரைந்த தண்ணீரோ நல்ல காரம். பிஹெச் அளவில் பத்தை ஒட்டி நிற்கும். சரியாக அலசாத துணியில் அந்தக் காரம் உலர்ந்து தங்கிவிடுகிறது. பிள்ளை வியர்த்தாலோ மூத்திரம் போனாலோ அது மறுபடி கரைந்து நேராகத் தோலில் படுகிறது.

எதை வாங்குவது என்ற கேள்விக்கு இதிலிருந்தே ஒரு வழி கிடைக்கிறது. சோப்புப் பாக்கெட்டில் இருப்பவற்றை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்: அழுக்கைப் பிடித்துக்கொண்டு தண்ணீரோடு வெளியேறுபவை ஒரு வகை; துவைத்த பிறகும் துணியிலேயே தங்குவதற்கென்று சேர்க்கப்பட்டவை இன்னொரு வகை. இரண்டாவது வகை எதுவும் பிள்ளைக்கு வேண்டாம்.

தங்குபவற்றில் முதலாவது வாசனை. வாரக்கணக்கில் மணக்கும் என்று விளம்பரத்தில் சொன்னால், வாரக்கணக்கில் அந்தப் பொருள் துணியில் இருக்கிறது என்றுதான் அர்த்தம். சலவைப் பொருள்களில் ஒவ்வாமை தரக்கூடியவற்றுள் வாசனைப் பொருள்களே முன்வரிசை. குழந்தைகளுக்கென்று விற்கும் புட்டிகளிலும் லாவெண்டர், பால் வாசம், பவுடர் வாசம் என்று சேர்த்திருக்கிறார்கள். 'பேபி' என்ற சொல்லைப் பார்த்து வாங்குவதைவிட, மூடியைத் திறந்தால் மணமே இல்லாத ஒன்றைத் தேடி வாங்குவது மேல்.

அடுத்தது வெள்ளை வெளேரென்று காட்டும் ஒளிர்ப்பான்கள். இவை அழுக்கை எடுப்பதில்லை. துணியில் ஒட்டிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக விடுகின்றன. மஞ்சள் மறைந்து வெண்மை தெரிகிறது. இதனால் பிள்ளைக்குப் பெரிய கெடுதல் என்று பயமுறுத்த மாட்டேன். ஆனால் ஒரு பயனும் இல்லை. மூன்றாவது, கடைசித் தண்ணீரில் ஊற்றும் கம்ஃபர்ட் போன்ற மென்மையூட்டி. இழைகளின்மேல் வழுவழுப்பாகப் படிந்துதான் அது வேலை செய்கிறது. துண்டும் மூத்திரத் துணியும் ஈரத்தை உறிஞ்சாமல் போவதும் அதே படிவால்தான். ஈரம் உறிஞ்சாத துணியைப் பிள்ளைக்குக் கட்டி என்ன பிரயோஜனம்?

என்சைம் மேல் பலருக்கும் பயம். அந்தப் பயத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1960-களில் என்சைம் கலந்த தூள் பரவியபோது, அதைத் தயாரித்த ஆலைகளில் தொழிலாளர்கள் தூசியைச் சுவாசித்து ஆஸ்துமாவுக்கு ஆளானார்கள். 1969-இல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் அதை எழுதினார்கள். அதன் பிறகு என்சைமைப் பூச்சிட்ட சிறு மணிகளாக்கித் தூசி பறக்காமல் செய்துவிட்டார்கள். துவைத்த துணியை உடுத்துபவரின் தோலை என்சைம் கெடுக்கிறது என்பதை அதன்பின் வந்த ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. தாய்ப்பால் கக்கியது, மலம் இரண்டிலும் புரதம் இருக்கிறது. அதை வெதுவெதுப்பான தண்ணீரில் அறுத்தெடுக்க என்சைமைப்போல வேறில்லை. கொதிநீரில் முதலிலேயே போட்டால் புரதம் வெந்து கறையாகப் பிடித்துக்கொள்ளும். பெயர்சூட்டு விழாப் பட்டை மட்டும் என்சைம் தூளில் போடாதீர்கள். பட்டும் புரதம்தான், நூலையே தின்றுவிடும்.

பட்டுக்கும் பைட்டணிப் புடவைக்கும் மராட்டி வீடுகளில் ரிட்டா வைத்திருப்பார்கள், நம்முடைய பூந்திக்கொட்டை. ஊறவைத்துக் கசக்கிய நுரையில் மேலாடைகளை அலசலாம். மலம் பட்ட துணிக்கு அந்த நுரை போதாது, கண்ணில் பட்டால் எரிச்சலும் பலம். இயற்கை என்பதற்காக எல்லாத் துணிக்கும் அதையே நம்ப வேண்டாம்.

லேபிளைப் படித்து முடிவு செய்யலாம் என்றால் அதிலும் இடைஞ்சல் இருக்கிறது. குளியல் சோப்பு, ஷாம்பு போன்றவற்றுக்கு உட்பொருள் பட்டியலை அச்சிட வேண்டும். சலவைத்தூள் நம் சட்டத்தில் அழகுசாதனப் பொருள் இல்லை. அந்தக் கட்டாயம் அதற்கு இல்லை. தாமாகவே முழுப் பட்டியலையும் போடுகிற நிறுவனத்தின் பொருளை நான் முதலில் கையில் எடுப்பேன். திரவ சோப்பாக இருந்தால் பட்டியலில் மெதில் ஐசோதயசோலினோன் இருக்கிறதா என்று பாருங்கள். இது கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்ப்பது. தோலில் பூசி விட்டுவிடும் கிரீம்களில் இதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் தடை போட்டுவிட்டது. தூளுக்கு அந்தப் பாதுகாப்பான் தேவைப்படுவதில்லை.

'ஹைப்போஅலர்ஜெனிக்' என்ற பெரிய எழுத்துக்கு மயங்க வேண்டாம். அந்தச் சொல்லைப் போடுவதற்குச் சோதனை செய்து நிரூபிக்கவேண்டும் என்று அமெரிக்க அரசு 1975-இல் அழகுசாதனப் பொருள்களுக்கு ஒரு விதி போட்டது. நிறுவனங்கள் வழக்காடின, 1977-இல் நீதிமன்றம் விதியைத் தள்ளிவிட்டது. அன்றிலிருந்து அங்கே அந்தச் சொல்லுக்கு நிறுவனம் சொல்வதுதான் பொருள்.

இனி தண்ணீர். எந்தச் சோப்பு என்பதில் பாதியை இதுவே தீர்மானிக்கிறது. புனே நகருக்குக் கடக்வாஸ்லா அணைத் தண்ணீர் வருகிறது. மகள் இருக்கும் பிம்ப்ரி-சிஞ்ச்வட் பக்கத்துக்குப் பவனா அணைத் தண்ணீர். இரண்டும் மலைமேல் பெய்த மழை. சோப்பு நன்றாக நுரைக்கும். ஆனால் வாகோலி, உண்ட்ரி போன்ற விளிம்புப் பகுதிகளில் வீடு எடுத்தவர்களுக்கும், பங்குனி சித்திரையில் லாரித் தண்ணீரை நம்பியிருப்பவர்களுக்கும் வருவது அநேகமாகப் போர்த் தண்ணீர். தக்காணத்துக் கரும்பாறைக்குள் கிடந்து சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் ஏறிய தண்ணீர் அது. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு வழியில்லையென்றால் 600 வரை விடலாம் என்றிருக்கிறது. 600 என்பது சோப்புக்கு மிகக் கடினம்.

கடின நீரில் பார் சோப்பைத் தேய்த்தால் சோப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து கரையாத பிசுக்காகி இழையில் ஒட்டுகிறது. துணி சாம்பல் பூத்து விறைக்கிறது. அங்கே பார் சோப்பு வேண்டாம். சலவைத்தூளோ திரவமோ போடுங்கள். அணைத் தண்ணீர் வருகிற வீட்டில் வாசனையில்லாத சாதாரணத் துணி சோப்பே நன்றாக வேலை செய்யும். உங்கள் தண்ணீர் எது என்று தெரிய, ஒரு புட்டியில் பாதி தண்ணீர் பிடித்துத் துணி சோப்பைக் கொஞ்சம் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை நின்றால் மென்னீர். திரிதிரியாகத் திரிந்து மேலே மிதந்தால் கடின நீர்.

என் பாட்டி வீட்டில் பிள்ளைத் துணியை 'மூணு தண்ணி அலசணும்' என்பார்கள். எந்தப் பாக்கெட்டிலும் எழுதியிராத முக்கியமான விஷயம் இதுதான். திரவ சோப்புப் புட்டியோடு வரும் மூடி அளவு, பெரியவர்களின் ஆறேழு கிலோ துணிக்கானது. பிள்ளைத் துணி ஒரு நாளைக்கு ஒரு கிலோ தேறாது. அதற்கும் அதே மூடியை ஊற்றினால் மிச்சம் எங்கே போகும்? கால் மூடி போதும். முன்பக்கம் திறக்கும் மெஷின் தண்ணீரை மிச்சம் பிடிக்கும், அதனால் கூடுதல் அலசல் பொத்தானை அழுத்துங்கள். மார்கழிக் குளிரில் புனேக் குழாய்த் தண்ணீரில் தூள் சரியாகக் கரையாது. முதலில் வெந்நீரில் கரைத்துக்கொண்டு ஊற்றுங்கள். துவைக்க வரும் மாவ்ஷியிடமும் இதைச் சொல்லிவையுங்கள். நுரை வந்தால்தான் வீட்டுக்கார அம்மாவுக்குத் திருப்தி என்று நினைத்து அவர்கள் அள்ளிப் போடுவார்கள்.

அலசியது போதுமா என்று பார்க்க, காய்ந்த துணி ஒன்றை வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் முக்கிக் கசக்குங்கள். தண்ணீர் கலங்கினால், விரலுக்கு வழுக்கினால், நுரை கட்டினால், சோப்பு இன்னும் உள்ளே இருக்கிறது. ஆஜி கொடுத்த கோதடியை நாங்கள் இப்படிச் சோதித்தோம். ஐந்தாவது தண்ணீரில்தான் தெளிந்தது. அத்தனை அடுக்குத் துணிக்குள் சோப்பு போனால் லேசில் வெளியே வராது. கோதடியின்மேல் ஒரு மெல்லிய துணியை விரித்து அதை மட்டும் அடிக்கடி துவைப்பது சுலபம்.

கடைசி வாளியில் கிருமிநாசினி ஊற்றுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 1967-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு சிறிய மகப்பேறு மருத்துவமனையில் பச்சிளங் குழந்தைகளுக்குத் திடீரென்று வியர்த்துக் கொட்டியது, மூச்சு வாங்கியது. இரண்டு குழந்தைகள் இறந்துபோயின. சலவைக்கூடத்தில் கடைசி அலசலில் பென்டாகுளோரோஃபீனால் உப்பு கலந்த கிருமிநாசினியைச் சேர்த்திருந்தார்கள். அது துணிகளிலிருந்து தோல் வழியே உடம்புக்குள் போயிருந்தது. நம் வீட்டுப் புட்டியில் இருப்பது அந்த மருந்து இல்லை. ஆனாலும் அலசாமல் துணியில் விடுகிற வழி ஒன்றுதான். வெளிக்குப் போன துணியை உடனே குழாயடியில் கழுவி, தனியாக ஊறவைத்து, நல்ல சுடுநீரில் துவைத்தால் சுத்தம் வந்துவிடும்.

மற்றதற்கு வெயில் இருக்கிறது. மழை விட்ட ஒரு மத்தியானம் மஞ்சள் கறை போகாத ஜப்லாவை ஈரத்தோடு மாடியில் போட்டோம். சாயங்காலம் கறையைக் காணோம். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையின் மலத்துக்கு மஞ்சள் தருவதில் பிலிரூபின் முக்கியமானது. ஒளி அதை உடைத்துவிடுகிறது. இங்கிலாந்தில் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் 1956-இல் ஒரு செவிலியர், மஞ்சள் காமாலைக் குழந்தையின் உடம்பில் வெயில் பட்ட இடம் மட்டும் வெளுத்திருப்பதைக் கவனித்துச் சொன்னார். நீல விளக்குச் சிகிச்சை அதிலிருந்துதான் வந்தது. காமாலைக்குப் பிள்ளையை வெயிலில் போடக்கூடாது, அது மருத்துவமனை விளக்கின் வேலை. துணியைத் தாராளமாகப் போடலாம்.

நான் சொல்ல வந்ததில் எல்லாவற்றையும்விட அவசரமானது சோப்பைப் பற்றியதே இல்லை. மூத்த பிள்ளையின் ஸ்வெட்டர், குல்லா, கம்பளி எல்லாம் ஊரில் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கும். இரண்டாவது பிறந்ததும் பார்சலில் வரும். அதோடு அந்துருண்டை வாசனையும் வரும். மராட்டியில் இதை டாம்பர் கோளி என்கிறார்கள், தார் உருண்டை என்று அர்த்தம். பெயர் சரிதான், நாஃப்தலீன் நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கப்பட்டதுதான். சில பிள்ளைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களில் ஜி6பிடி என்ற என்சைம் பிறவியிலேயே குறைவாக இருக்கும். பார்சிகள் உட்பட மேற்கு இந்தியாவின் சில சமூகங்களில் இது அதிகம். ஆனால் எந்தக் குடும்பத்திலும் இருக்கலாம், ஆண் பிள்ளைகளையே பெரும்பாலும் தாக்குகிறது. இப்படிப்பட்ட பிள்ளை அந்துருண்டை ஏறிய துணியைச் சுற்றிக்கொண்டு அந்த ஆவியைச் சுவாசித்தால் சிவப்பணுக்கள் உடைகின்றன. காமாலை திடீரென்று ஏறி மூளையையே பாதிக்கக்கூடும்.

அந்த வாசனை அடிக்கிற துணியைப் பச்சைப் பிள்ளைக்குப் போடாதீர்கள். துவைத்துப் பல நாள் வெயில் காட்டியும் வாசனை போகாவிட்டால் அந்தத் துணி பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம். ஏற்கனவே போட்டிருந்து, பிள்ளையின் கண்ணும் தோலும் மஞ்சளாகிக்கொண்டே போனால், வெளுத்துச் சோர்ந்து பால் குடிக்காமல் கிடந்தால், மூத்திரம் டீ டிகாஷன் நிறத்தில் போனால், விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். துணியில் அந்துருண்டை இருந்தது என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.