வில்லையில் உறைந்த பசை

உடைந்த பொருளை ஒட்டுவதற்கென வாங்கிய பசை, ஒட்டவேண்டாத இடத்திற் பற்றிக்கொள்வதும் உண்டு. மேசைமேற் சிந்தினாற் பெருங் கவலையில்லை. புகைப்படக் கருவியொன்றைச் செப்பனிடும்போது, அதன் பிளாஸ்டிக் வில்லைமீது ‘சூப்பர் குளூ’ ஒரு துளி வீழ்ந்து உறைந்துவிட்டால் யாது செய்வது?

முதற்கண் இப்பசையின் இயல்பை அறிதல் வேண்டும். சயனோஅக்கிரிலேற்று என்பது இதன் இரசாயனப் பெயர். 1942 ஆம் ஆண்டிலே, துப்பாக்கியின் குறிபார்க்குங் கருவிக்கேற்ற தெளிந்த பிளாஸ்டிக்கைத் தேடிய ஹரி கூவர் என்னும் அமெரிக்க ஆய்வாளரின் குழுவினர் இதனைக் கண்டனர்; தொட்டவற்றிலெல்லாம் ஒட்டியமையால் ஒதுக்கிவிட்டனர். 1951 இல், ஒளிமுறிவை அளக்குங் கருவியொன்றின் அரியங்களை இது பிரிக்கவொண்ணாதபடி பிணைத்தபோதே இதன் பயன் புலனாயிற்று. 1958 இல் விற்பனைக்கு வந்தது.

இப்பசை காய்வதில்லை; ஈரலிப்புப் பட்டதும் இதன் மூலக்கூறுகள் சங்கிலிபோற் கோத்துக்கொண்டு கெட்டியாகின்றன. நகப்பூச்சை அகற்றப் பயன்படும் அசற்றோன் இதனைக் கரைக்கும். ஆனால், அது வில்லையின் பிளாஸ்டிக்கையும் அரித்து மங்கச் செய்துவிடும். பசை போய்விடும், வில்லையும் உடன் போய்விடும். கத்தியாற் சுரண்டுவதும், பற்பசையாற் தேய்ப்பதும் அத்தகைய கேட்டையே விளைக்கும்.

ஆகையால் மென்மையான வழியையே நாடல்வேண்டும். வெதுவெதுப்பான சவர்க்கார நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சைப் பசையின்மேல் நெடுநேரம் வைத்து, அடிக்கடி மாற்றுக. நீர் கருவியினுட் புகாதவாறு காத்தல் அவசியம். நீர் பசையைக் கரைக்காது. எனினும் பிடியைத் தளர்த்தக்கூடும். விளிம்பு எழும்பினால், விரல் நகத்தால் மெல்ல நெம்பிப் பார்க்கலாம். எழும்பாவிடின் வலிந்து பெயர்த்தலாகாது. சில பிளாஸ்டிக்குகளிற் பசை மேற்பரப்போடு கலந்துவிடுவதால், அதனை முற்றாக நீக்குதல் இயலாது.

அந்நிலையிலும் மனந்தளர வேண்டியதில்லை. வில்லையின் ஓரத்திலுள்ள சிறு புள்ளி படத்திற் புள்ளியாகத் தோன்றுவது அரிது. சற்றுத் தெளிவைக் குறைக்கலாம், அவ்வளவே. ஒரு படம் எடுத்துப் பார்த்தபின்னரே மேற்கொண்டு முயல்வதா எனத் தீர்மானித்தல் நன்று. சிறு கறையைப் பொறுத்துக்கொண்டவர் கருவியைக் காத்துக்கொள்வார். அவசரத்தில் அசற்றோனை நாடியவரோ கறையோடு கருவியையும் இழப்பார்.