வீட்டின் உறுப்புகளுக்கும் ஆயுள் உண்டு

மைசூருவின் பழமையான தேவராஜா சந்தைக் கட்டடத்தின் ஒரு பகுதி 2016 ஆகஸ்டில் இடிந்து விழுந்தது. எந்தக் கட்டடமும் ஒரே நாளில் தளர்வதில்லை. நம் வீடும் அவ்வாறே. சுவர் தலைமுறைகள் தாண்டி நிற்கலாம். ஆனால் வெளிச்சுவர் வண்ணப்பூச்சு ஏறத்தாழ 5 ஆண்டுகளும், கீசர் 8 முதல் 10 ஆண்டுகளுமே உழைக்கும். மொட்டைமாடிக் கசிவைக் கவனியாது விட்டால், தளத்தினுள் உள்ள கம்பி துருப்பிடித்துப் பருக்கும், காரை பெயரும், சிறு செலவு பெருஞ்செலவாகும்.

ஆகவே, செலவை ஆயுளால் வகுப்போம். 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்ணப்பூச்சுக்கு 60,000 ரூபாய் ஆகுமெனில், மாதம் 1,000 ரூபாய் ஒதுக்க வேண்டும். பிற உறுப்புகளுக்கும் இவ்வாறே கணக்கிட்டு, தொடர் வைப்பில் சேர்த்து வருவோம். முதிர்வுக் காலத்தைக் கோடையில் அமையுமாறு தேர்ந்தால், ஜூன் மழைக்கு முன்பே கடனின்றிப் பணி முடியும்.