யானைக் கூட்டத்துக்கு வழி விடுங்கள்

திருப்பூர் மாவட்டத்தில் உடுமலை, அமராவதி வனச்சரகங்களை ஒட்டிய தோட்டங்களில் யானை இறங்கினால், வந்திருப்பது தனி ஆண் யானையா, கூட்டமா என்று உழவர்கள் முதலில் கவனிக்க வேண்டும்.

கூட்டம் என்பது பெண்வழிக் குடும்பம். ஆண் யானை பருவம் எய்தியதும் பிரிந்துவிடும். தண்ணீரும் தடமும் அறிந்த முதிய பெண் யானையையே பெரும்பாலும் மற்றவை பின்பற்றும். மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் அவை பேசிக்கொள்வதை 1984-ல் கேட்டி பெய்ன் என்ற பெண் ஆய்வாளர் உணர்ந்தார். சத்தமின்றி நிற்கும் கூட்டம் சட்டென ஒரே பக்கம் திரும்புவது இதனாலும் இருக்கலாம்.

ஆபத்தென்றால் குட்டிகளை நடுவில் விட்டுப் பெரியவை சூழ்ந்து நிற்கும். அப்போது நாலாபுறமும் வெடி போட்டுச் சிதறடித்தால், குட்டியைக் காணாத தாய் ஆளைத் தாக்கும். காட்டுப் பக்கம் ஆளோ வெளிச்சமோ கூடாது. விரட்டும் வேலை வனத்துறையினருடையது. மில்லில் இரவு ஷிப்டு முடிந்து வண்டியில் திரும்புவோருக்கும் முன்கூட்டியே தகவல் சொல்லிவிட வேண்டும்.