மூச்சுக்கு ஒரு பட்ஜெட்!

மணாலியிலிருந்து லே வரை சைக்கிளில் போகப் போவதாக வீட்டில் சொல்லிப் பாருங்கள். 'ஏன், பஸ் ஓடலையா?' என்பார் அப்பா. 'ரெண்டு ஸ்வெட்டரா எடுத்துக்கோ' என்பார் அம்மா. நண்பர்களோ நேராக சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போய் கியரின் பற்களை எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். மூன்று கோஷ்டியும் முக்கியமான சரக்கை மறந்துவிட்டது. காற்று!

நானூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாதை. 2020-ல் அடல் சுரங்கப்பாதை திறந்ததும் ரோத்தாங் கணவாய் ஏறும் தொல்லை ஜீப்புகளுக்குத் தீர்ந்தது. அதற்கப்புறம் இருக்கிற பாரலாச்சா லா, லாச்சுலுங் லா, தங்லங் லா எல்லாம் அப்படியேதான் நிற்கின்றன. ('லா' என்றாலே கணவாய்.) கடைசிக் கணவாயான தங்லங் லா 5,300 மீட்டருக்கு மேல். கடற்கரையில் இழுக்கிற மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் அங்கே ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். பாதிச் சம்பளத்தில் முழு மாதம் குடித்தனம் நடத்துகிற கதை!

எனவே, முதலில் போட வேண்டியது கிலோமீட்டர் கணக்கு அல்ல, தலையணைக் கணக்கு. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இன்று தூங்கும் இடம் நேற்றைய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரமாக இருக்கக் கூடாது. மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை ஓய்வு. மலை மருத்துவர்கள் சொல்கிற விதி இது.

கேலாங் சுமார் 3,100 மீட்டர், தார்ச்சா 3,350, பட்சியோ 3,800, ஜிங்ஜிங்பார் 4,250. ஒவ்வொன்றிலும் ஒரு ராத்திரி, நடுவே ஒரு நாள் சும்மா. ஜீப்பில் வருகிறவர்கள் ஜிஸ்பாவில் தூங்கி, மறுநாளே 4,300 மீட்டர் சர்ச்சுவில் படுத்துத் தலையைப் பிடித்துக்கொள்வார்கள். சைக்கிள்காரருக்கு வேகம் இல்லாததே மருந்து. ஆபத்தெல்லாம் 'நம்ம காலுக்கு இதெல்லாம் ஜுஜுபி' என்று தாவுகிற பலசாலிக்குத்தான்.

ஏனென்றால் சர்ச்சு ஒரு பொறி. உடம்பு கெட்டால் கீழே இறங்குவதுதான் சிகிச்சை. ஆனால் சர்ச்சுவுக்குத் தெற்கே பாரலாச்சா, வடக்கே லாச்சுலுங். இரண்டும் அதைவிட உயரம். இறங்குவதற்கே ஏற வேண்டும்! ஆகவே 'போகலாமா, திரும்பலாமா?' என்ற பஞ்சாயத்தை பாரலாச்சாவுக்கு இந்தப் பக்கம், ஜிங்ஜிங்பாரிலேயே முடித்துவிட வேண்டும். தலைவலியோடு குமட்டலா? மேலே ஒரு அடி கூடாது. குடிக்காமலே தள்ளாட்டமா, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா? ராத்திரி என்றாலும் இறங்கியாக வேண்டும். காலையில் பார்த்துக்கலாம் என்றால், காலை வராமலே போகலாம். மாத்திரை விஷயத்தை ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். பக்கத்து டெண்ட்காரர் டாக்டர் அல்ல.

மற்றதெல்லாம் கொசுறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை சீசன். பனி உருகி மதியத்துக்கு மேல் ஓடைகள் பெருகும், காலையிலேயே கடந்துவிடுங்கள். சீசனில் கூடாரக் கடைகளில் பருப்பு சாதமும் நூடுல்ஸும் கிடைக்கும். ட்யூப், ஸ்போக்ஸ், செயின், பிரேக் கட்டை கிடைக்காது. காட்டா லூப்ஸின் 21 வளைவுகளை ஏறும்போது தண்ணீர் பாட்டில் காலியாக இருந்தால், வளைவுக்கு ஒரு சாமியைக் கூப்பிட வேண்டிவரும்.

மிக முக்கியம்: மூன்று நாள் உபரியாக வையுங்கள். லேயில் இறங்கிய மறுநாளே விமான டிக்கெட் வாங்கி வைத்தவருக்குத் தலைவலி வந்தாலும் 'ஒண்ணுமில்லை' என்றுதான் சொல்லத் தோன்றும்.

லே போய்ச் சேர்ந்தால் சந்தோஷம். ஜிங்ஜிங்பாரிலிருந்து திரும்பி வந்தால்..? அதுவும் திட்டப்படி வந்ததுதான். கணவாய் எங்கும் ஓடிப்போகாது, சார்!