ஓட்டாஞ்சில்லும் பழைய சீசாவும்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் ஸ்வாமி தரிசனத்துக்குப் போகிறவர்கள் ஆத்தூரை வெற்றிலைக்காகவே ஞாபகம் வைத்திருப்பார்கள். பழையகாயலைத் தாண்டித் தாமிரபரணியைக் கடக்கும் பிரதேசத்தில் கொடிக்கால்களும் வாழைத் தோட்டங்களும் கண்ணுக்குக் குளிர்ச்சியாய்த் தென்படுகின்றன. 2023-ம் வருஷத்தில் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆகவே அதன் கீர்த்தியைப் பற்றி நாம் புதிதாகச் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை. கொடிக்காலுக்குக் கீழே, மண்ணுக்குள் கிடக்கும் சமாசாரத்தைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

இந்தக் கரையோரத்தில் கிணறு தோண்டினாலும், அஸ்திவாரம் பறித்தாலும், மண்வெட்டியில் ஏதாவது ‘ணங்’கென்று இடறினால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கறுப்பும் சிவப்புமான ஓட்டாஞ்சில்லு, அறுத்த சங்குத் துண்டு, பச்சை நிறத்தில் மினுமினுக்கும் பீங்கான் துண்டு, சில இடங்களில் ஒரு சீசாவின் கழுத்து. பையன்கள் அதைப் பொறுக்கி விளையாடுவார்கள். பெரியவர்கள், “காலில் குத்தப் போகிறது, தூரப் போடு!” என்பார்கள். அத்துடன் விஷயம் முடிந்தது.

மேல்நாடுகளில் இப்படி முடிவதில்லை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சுமார் அறுபது வருஷ காலமாகப் பழைய சீசா தோண்டுவது ஒரு பெரிய பொழுதுபோக்கு. பாழடைந்த வீடு இருந்த மனையைத் தேடிப் போகிறார்கள். கூடமும் அடுக்களையும் இருந்த இடத்தை அவர்கள் திரும்பியும் பார்ப்பதில்லை. கொல்லைப்புறத்துக் குப்பைக்குழி எங்கே, தூர்ந்த கிணறு எங்கே, கக்கூஸ் குழி எங்கே என்றுதான் விசாரிக்கிறார்கள். முகத்தைச் சுளிக்க வேண்டாம்! நூறு வருஷம் கழிந்தபின் அதுவும் வெறும் மண்தான். வீட்டில் உடைந்தது, தீர்ந்தது, ஒளித்து வைத்துக் குடித்தது எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்ந்திருக்கும். ஒரு குடும்பத்தின் உண்மையான சரித்திரத்தை வரவேற்பறையைக் காட்டிலும் குப்பைக்குழி நன்றாகச் சொல்லும் என்பதில் சந்தேகமில்லை.

சீசாவின் வயதைக் கண்டுபிடிக்க அவர்கள் கையாளும் முறை வெகு எளிது. அச்சில் வார்த்த சீசாவின் இரு பக்கமும் மெல்லிய தையல்கோடு போன்ற ஒரு வரை ஓடும். அந்த வரை கழுத்தோடு நின்றுவிட்டால், வாயைத் தொழிலாளி கையால் செய்து முடித்திருக்கிறான் என்று அர்த்தம். உதடுவரை ஏறிப்போனால் யந்திரத்தில் செய்தது. தானாகவே சீசா செய்யும் யந்திரத்தை அமெரிக்காவில் ஓவன்ஸ் என்பவர் அமைத்தது 1903-ல். அடிப்பாகத்தில் உடைந்த வடு போன்ற ஒரு தழும்பு இருந்தால், ஊதிய சீசாவை இரும்புக் கோலில் ஒட்டிப் பிடித்திருந்த காலத்தது. பெரும்பாலும் 1860-க்கு முந்தியதாக இருக்கலாம். வெகுநாள் ஈரமண்ணில் கிடந்த கண்ணாடியின் மேல் வானவில்லைப்போல் பல வர்ணங்கள் படிந்திருக்கும். கண்ணாடியிலுள்ள காரச்சத்தைத் தண்ணீர் சிறிது சிறிதாகக் கரைத்துவிடுவதால் ஏற்படும் வேடிக்கை அது.

இந்தச் சீசா வேட்டைக்காரர்கள் கண்டால் துள்ளிக் குதிக்கும் பொருள்களில் ஒன்று நமது கோலி சோடா சீசா! லண்டனில் ஹிராம் காட் என்பவர் 1872-ல் அதற்குப் பேடண்ட் வாங்கினார். கழுத்திலே ஒரு கோலிக்குண்டு. உள்ளேயிருக்கும் வாயு அதை மேலே தள்ளி வாயை அடைத்துக்கொள்ளும். அந்த நாட்டுப் பிள்ளைகள் கோலிக்காகச் சீசாவை உடைத்துத் தள்ளிவிட்டார்கள். ஆகையால் முழுச் சீசா கிடைப்பது அங்கே அருமை. நம் நாட்டிலோ, மண்ணைத் தோண்ட வேண்டிய அவசியமே இல்லாமல், இன்றைக்கும் சில பெட்டிக்கடைகளில் பன்னீர் சோடாவாகவே கிடைக்கிறது.

தூத்துக்குடிப் பக்கத்தில் பழைய சீசாவுக்குக் குறைவிருக்க நியாயமில்லை. போர்த்துக்கீசியர் வந்தனர், 1658-ல் டச்சுக்காரர்கள் அவர்களை விரட்டிவிட்டு அமர்ந்தனர், 1750-ல் கட்டிய அவர்களுடைய கோயில் தூத்துக்குடியில் இருக்கிறது. 1825-ல் ஊர் முடிவாக ஆங்கிலேயர் வசமாயிற்று. டச்சுக்காரர்கள் தங்கள் ஜின் சாராயத்தைப் பெட்டியில் நெருக்கி அடுக்குவதற்காகச் சதுரச் சீசாக்களில் அடைத்துக் கப்பலேற்றினார்கள். ஆங்கிலேயர் காலத்தில் சோடா, மருந்து, மை, அத்தர் எல்லாமே சீமைச் சீசாக்களில் வந்து இறங்கின. 1906-ல் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் இதே துறைமுகத்தில் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்தார்கள். 1908-ல் புனாவுக்கு அருகே தளேகாமில், ஜனங்கள் காசு காசாகச் சேர்த்த பைசா நிதியைக் கொண்டு ஒரு கண்ணாடித் தொழிற்சாலை தோன்றியது. சீசாவின் மேல் பொறித்திருக்கும் ஊர்ப் பெயரை அடியிலிருந்து மேலாகப் படித்துக்கொண்டே வந்தால், லண்டன் மறைந்து இந்திய ஊர்கள் முளைப்பதை ஒரு குப்பைக்குழியிலேயே காணலாம். மேடைப் பிரசங்கங்களைவிட இது எனக்கு ருசிக்கிறது.

அப்படியானால் நாமும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு புறப்படலாமா? இங்கேதான் நிதானம் வேண்டும். அமெரிக்காக்காரன் தோண்டும் மனையில் பெரும்பாலும் நூறு, நூற்றைம்பது வருஷத்துக் குடித்தனம்தான் இருக்கும். ஆத்தூரைச் சுற்றியுள்ள மண்ணின் கதை வேறு.

1292-ம் வருஷத்தையொட்டி வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ இந்தக் கடற்கரைக்கு வந்தார். ‘காயல்’ என்னும் பெரிய பட்டினத்தைப் பற்றி எழுதினார். ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் அங்கே வந்து சேர்ந்தன என்கிறார். அவ்வூர் ஜனங்கள் கற்பூரமும் வாசனைத் திரவியமும் சுண்ணாம்பும் சேர்த்து ஓயாமல் ஒரு இலையை மெல்லுகிறார்கள் என்றும் வியந்திருக்கிறார். அது என்ன இலை என்பதை நம் நேயர்களுக்குச் சொல்லவும் வேண்டுமா? அந்தக் காயல்தான் ஆத்தூருக்குப் பக்கத்திலுள்ள பழையகாயல் என்று நிதானித்தவர் கால்டுவெல் பாதிரியார். அவர் அங்கே போனபோது அது ஏழைக் குடிசைகள் நிறைந்த சிற்றூராகிவிட்டது. ஆனால் திறந்த வெளியில் குனிந்த இடமெல்லாம் சீனப் பீங்கான் துண்டுகள்! விரும்பியிருந்தால் ஒரு வண்டி நிறையச் சேர்த்திருக்கலாம் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். சீனத்தோடு தங்கள் ஊருக்கு வியாபாரம் இருந்ததென்பதே அங்கிருந்தவர்களுக்கு மறந்து போயிருந்தது. ஊரார் மறந்ததை உடைந்த கோப்பை மறக்கவில்லை. 1980-களில் ஜப்பானியப் பேராசிரியர் நொபுரு கராஷிமாவும் நமது அறிஞர் சுப்பராயலுவும் தமிழ்நாட்டுக் கடற்கரையில் இதே மாதிரிச் சில்லுகளைத் தேடி ஆராய்ந்து, சீனத்துக்கும் நமக்கும் இருந்த வாணிபத்தை ருசுப்படுத்தினார்கள்.

காயலுக்கு மேற்கே சில மைல் போனால் கொற்கை. யவனர் எழுதிய நூல்களிலேயே முத்துக்குப் பேர்போன பாண்டியர் துறைமுகம். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் அதைக் கடலிலிருந்து பிரித்துவிட்டது. இன்று கடற்கரை ஆறேழு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அங்கும் கால்டுவெல் தோண்டினார். முதுமக்கட் தாழி அகப்பட்டது. பிறகு 1968-69-ல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையார் தோண்டினார்கள். 2021-ல் மறுபடியும் தோண்டியபோது பழைய செங்கற் கட்டடங்கள் வெளிப்பட்டன. ஆற்றோடு இன்னும் மேலே போனால் ஆதிச்சநல்லூர். 1876-ல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் என்பவர் அங்கே தோண்டி, கிடைத்ததை மூட்டை கட்டித் தம் நாட்டுக்குக் கொண்டுபோனார். பின்னர் பிரெஞ்சுக்காரரான லாப்பிக் என்பவரும் ஒரு பங்கு எடுத்துச் சென்றார். நம் பாட்டன்மாரின் தாழியைப் பார்க்க நாம் கப்பலேறிப் போகவேண்டும் என்றால் யாருக்குத்தான் மனம் பொறுக்கும்? 1899 முதல் சில வருஷங்கள் அலெக்ஸாண்டர் ரீ தோண்டியெடுத்த பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலப் பாத்திரங்களுமாவது சென்னை எழும்பூர்ப் பொருட்காட்சி சாலைக்கு வந்து சேர்ந்தன.

அந்நியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே வட்டாரத்தில் கூலிக்காரர்களின் மண்வெட்டியில் ஒரு பானை சிக்கிற்று. உள்ளே ஆயிரத்துக்கு மேற்பட்ட பொற்காசுகள். விஷயம் வெளியே தெரிவதற்குள் பெரும்பாலானவை உருக்கப்பட்டுவிட்டன. தப்பிய சிலவற்றில் அராபிய எழுத்துப் பொறித்தவையே அதிகம் இருந்தன. உருகியவற்றில் எந்தெந்த அரசன் பெயர் இருந்ததோ, அதை இனி யார் சொல்ல முடியும்? தங்கத்தின் விலை கிடைத்தது. சரித்திரம் புகையாய்ப் போயிற்று.

சீசாவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மண் என்பது ஒரு புஸ்தகம் மாதிரி ஏடு ஏடாகப் படிந்திருக்கிறது. மேலே சோடாச் சீசா, அதன் கீழே டச்சுக்காரன் ஓடு, அதற்கும் கீழே சீனப் பீங்கான், அடியிலே கறுப்பு-சிவப்புப் பானை என்று இருந்தால், எது எதற்கு முந்தியது என்பதை ஆராய்ச்சிக்காரர் அந்த வரிசையைக் கொண்டே நிச்சயிப்பார். ஒருவன் அவசரமாகக் குழி பறித்து ஒரு சீசாவை உருவிக்கொண்டு மண்ணைத் தள்ளி மூடினால், அந்த ஏடுகள் கலைந்துபோகின்றன. கையில் வந்த சீசா எட்டணாப் பெறாமலிருக்கலாம். கலைந்த வரிசையைத் திரும்ப அடுக்க ஸர்க்காரின் பொக்கிஷம் முழுவதும் போதாது.

சட்டமும் சும்மா இல்லை. மண்ணில் மறைந்து கிடந்து அகப்படும் பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதானால், கண்டவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம். இது ஏதோ பறித்துக்கொள்வதற்கான சூழ்ச்சி என்று பலர் பயப்படுகிறார்கள். உரிமை கொண்டாட எவருமில்லையென்றால் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலச் சொந்தக்காரருக்குக் கால் பங்கு என்று அச்சட்டமே வகுத்திருக்கிறது. ஸர்க்கார் தாமே எடுத்துக்கொண்டாலும், உள்ள பொருளின் மதிப்புக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரவேண்டும். 1958-ம் வருஷத்துச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதியின்றித் தோண்டக் கூடாது. 1972-ம் வருஷத்துச் சட்டமோ, நூறு வருஷத்துக்குக் குறையாத கலைப்பொருள்களைத் தனி மனிதர் வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடுக்கிறது.

மேட்டிலும் ஆற்றங்கரையிலும் வேண்டாம். சொந்த வீட்டுப் பரணில், ஓட்டு வீட்டைப் பிரிக்கும்போது பின்கட்டு மூலையில், தாத்தா காலத்து மருந்துச் சீசாவும் மைக்கூடும் அத்தர்ச் சிமிழும் கிடக்கும். அவற்றை நிறுவை போட்டுப் பழைய சாமான்காரனிடம் தள்ளிவிடுகிறோம். அதற்கு முன் ஒரு நிமிஷம் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பொறித்திருக்கும் எழுத்தை வாசித்து, எந்த வீட்டில் எந்த அறையில் கிடைத்தது என்று ஒரு சீட்டில் எழுதிச் சீசாவின் கழுத்தில் கட்டிவைத்தால் போதும். கிணற்றுக்கு மண் எடுக்கும்போது ஓட்டாஞ்சில்லு வந்தால், எத்தனை அடி ஆழத்தில் வந்தது என்பதையும் அதே சீட்டில் குறித்துக்கொள்ளலாம். சிறிது பெரிதாக ஏதாவது தென்பட்டால் வேலையை நிறுத்திவிட்டுத் தாசில்தாருக்கோ தொல்லியல் துறையாருக்கோ ஆள் அனுப்ப வேண்டியதுதான்.