நோயாளியின் சொல்லும் ஓர் அளவுகோலே

மூக்கில் ரண சிகிச்சை முடிந்துவிட்டது. கருவியால் சோதித்தால் காற்றுப்பாதை திறந்திருக்கிறது. புகைப்படத்தில் மூக்குத் தண்டு நேராகத் தெரிகிறது. ஆயினும் நோயாளி, "மூச்சு விடுவது இன்னும் சிரமமாகவே உள்ளது" என்கிறார். இவற்றுள் எதனைச் சிகிச்சையின் பலனாகக் கொள்வது?

இதனை வீண் புகார் என்று தள்ளிவிடலாகாது. மூக்கினுள் காற்றுக்கு ஏற்படும் தடையை அளக்கும் கருவிகள் உண்டு. ஆனால், அவை காட்டும் எண்ணும் நோயாளியின் உணர்வும் பல சமயங்களில் ஒத்திருப்பதில்லை. மூச்சு தாராளமாக வருகிறது என்னும் உணர்வு, உட்செல்லும் காற்று மூக்கின் உட்சவ்வைக் குளிர்விப்பதால் பெரும்பாலும் உண்டாவதாகும். மெந்தாலை முகர்ந்தவுடன் மூக்கு திறந்துகொண்டது போலத் தோன்றுகிறதன்றோ? உண்மையில் அப்போது காற்றுத்தடை குறைவதில்லை. குளிர்ச்சியை அறியும் நரம்பு முனைகளே தூண்டப்படுகின்றன. மேலும், இரு நாசித் துவாரங்களும் சில மணி நேரத்திற்கொருமுறை மாறி மாறிச் சற்று அடைபடுவது இயற்கை. ஆதலின் ஒரு வேளை எடுத்த அளவு ஒரு மாத அனுபவத்தைக் காட்டிவிடாது.

ஐந்து வினாக்கள்

இக்குறையை நீக்க அமெரிக்காவில் 2004-ஆம் ஆண்டில் 'நோஸ்' என்னும் வினாத்தாள் வெளியிடப்பட்டது. மூக்கு நெரிசல், அடைப்பு, மூக்கால் சுவாசிப்பதில் சிரமம், உறக்கக் குறைவு, உடலுழைப்பின்போது போதிய காற்றுக் கிடைக்காமை ஆகிய ஐந்தும், கடந்த ஒரு மாதத்தில் எவ்வளவு தொல்லை தந்தன என்று அது கேட்கிறது. ஒவ்வொன்றிற்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தத்தை 5-ஆல் பெருக்கினால் 100-க்குக் கணக்கு வரும். எண் உயர்ந்தால் துன்பம் மிகுதி. உதாரணமாக, சிகிச்சைக்கு முன் மொத்தம் 15 எனில் மதிப்பு 75. பின்னர் 4 எனில் 20. இவ்வீழ்ச்சியே நோயாளி கூறும் பலன்.

தோற்றமும் சுவாசமும்

நெற்றித் தோலைக் கொண்டு புதிய மூக்கு அமைக்கும் இந்திய முறையைப் பற்றி லண்டன் பத்திரிகை ஒன்று 1794-இல் எழுதியபோது, சிகிச்சை பெற்றவரின் படத்தையும் வெளியிட்டது. தோற்றம் கண்ணுக்குத் தெரிவது. சுவாசமோ உரியவருக்கே தெரிவது. அழகுக்காக மூக்கைச் சிறிதாக்கும்போது உள்ளே காற்றுப்பாதை குறுகிவிடவும் கூடும். எனவே இரண்டையும் தனித்தனியே அளத்தல் அவசியம். 2018-இல் வெளிவந்த 'ஸ்னாஸ்' என்னும் வினாத்தாளிலுள்ள பத்து வினாக்களில் நான்கு அடைப்பைப் பற்றியவை. ஆறு தோற்றத்தைப் பற்றியவை. இரண்டையும் ஒன்றாகக் கூட்டிவிட்டால் ஒன்றின் இலாபம் மற்றதன் நட்டத்தை மறைத்துவிடும்.

கவனிக்க வேண்டியவை

வினாக்களைக் கேட்பவர் விடையைச் சொல்லிக் கொடுத்தலாகாது. "இப்போது நன்றாக இருக்கிறதல்லவா?" என்று கேட்டால், மரியாதை கருதியே பலர் "ஆம்" என்பர். சிகிச்சை செய்த டாக்டரல்லாத ஒருவர் கேட்பது நலம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஒரே சொற்களை, ஒரே வரிசையில் வாசித்துக் காட்ட வேண்டும். வினாத்தாளை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. நோயாளிகள் அதனைச் சரியாகப் பொருள்கொள்கின்றனரா என்றும் சோதித்தல் வேண்டும். சிகிச்சைக்கு முன் கேளாமல் பின்னர் மட்டும் கேட்ட எண்ணால் மாறுதலை அறிய இயலாது.

இவ்வெண்கள் நோயின் காரணத்தைக் கூறுவதில்லை. நடுச்சுவரின் வளைவா, ஒவ்வாமையால் வந்த வீக்கமா என்பதை டாக்டரே ஆராய்ந்து சொல்ல வேண்டும். ஆயினும், யாருடைய துன்பத்தைத் தீர்க்கச் சிகிச்சை செய்யப்பட்டதோ, அவருடைய சொல் பதிவேட்டில் இடம்பெறாவிட்டால் அப்பதிவு நிறைவுடையதாகாது.