மலையில் டீசல் கார் ஸ்டார்ட் ஆகலையா? க்ளோ பிளக்கை வீட்டிலேயே செக் பண்ணி மாற்றுவது எப்படி?

சென்னையிலும் மதுரையிலும் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும் டீசல் கார், ஊட்டியில் ஒரு ராத்திரி வெளியே நின்றால் காலையில் அடம்பிடிக்கும். செல்ஃப் சுத்தும், வெள்ளைப் புகை வரும், ஆனால் என்ஜின் பிடிக்காது. பேட்டரி நன்றாக இருந்தும் இப்படி என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது க்ளோ பிளக்கை. மெக்கானிக்குகள் இதை 'ஹீட்டர் பிளக்' என்பார்கள்.

இதன் வேலை என்ன?

டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தும்போது வரும் சூட்டிலேயே டீசல் எரியும். என்ஜின் ஜில்லென்று இருந்தால் அந்தச் சூடு போதாது. அப்போது சிலிண்டருக்கு ஒன்றாக இருக்கும் க்ளோ பிளக்கின் முனை, சில நொடிகளில் 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகி உதவுகிறது. டேஷ்போர்டில் சுருள் போல எரியும் மஞ்சள் விளக்கு இதற்கானதுதான். அது அணைந்த பிறகே செல்ஃப் அடிக்க வேண்டும்.

ஊரில் ஏன் தெரிவதில்லை?

வெயில் ஊர்களில் 4 பிளக்கில் ஒன்றிரண்டு போனாலும் வண்டி கிளம்பிவிடும். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் மலை ஏறினால்தான் குட்டு வெளிப்படும். மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் ஸ்விஃப்ட், டிசையர் டீசல்கள் எல்லாமே பழைய வண்டிகள் என்பதால், டூர் கிளம்பும் முன்பே செக் பண்ணுவது நல்லது.

செக் பண்ணுவது எப்படி?

1. என்ஜின் ஆறியதும் சாவியை எடுத்துவிட்டு, பிளக் மீதுள்ள ஒயரைக் கழற்றவும்.

2. மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, ஒரு முனையை பிளக் தலையிலும் இன்னொன்றை என்ஜினின் இரும்புப் பகுதியிலும் வைக்கவும்.

3. பொதுவாக 2 ஓமுக்குள் காட்டினால் பிளக் உயிரோடு இருக்கிறது. 'ஓ.எல்.' என்று காட்டினால் போய்விட்டது.

எல்லா பிளக்கும் சரி என்றால், ஃப்யூஸ் அல்லது ரிலேயில் கோளாறு இருக்கலாம். பேட்டரியில் இருந்து நேரடியாக 12 வோல்ட் கொடுத்து சோதிக்க வேண்டாம். புதிய கார்களில் பலவற்றுக்கு குறைந்த வோல்ட் பிளக்தான், எரிந்துவிடும்.

கழற்றும்போது உஷார்!

ஆபத்தே இங்கேதான். கார்பன் பிடித்த பிளக்கை பலம் கொடுத்துத் திருகினால், பாதியில் உடைந்து உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அப்புறம் சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வேண்டி வரலாம். சில நூறு ரூபாய் வேலை பல ஆயிரத்தில் போய் நிற்கும்.

* முந்தைய நாளே துரு நீக்கும் ஆயில் விட்டு ஊற விடவும்.

* என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, பிளக்கைச் சுற்றியுள்ள தூசியை ஊதிச் சுத்தம் செய்யவும்.

* கொஞ்சம் லூஸ், கொஞ்சம் டைட் என மாற்றி மாற்றித் திருகவும். அசையவே இல்லையா? அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் கொண்டுபோகவும்.

* புதிய பிளக்கை முதலில் கையாலேயே திருகவும். பிறகு மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரென்ச்சால் மட்டும் இறுக்கவும்.

* ஒன்று போயிருந்தாலும் செட்டாக மாற்றுவது நல்லது. மற்றவையும் அதே வயதுதான்.

ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே மட்டும் அடிக்காதீர்கள். சூடான பிளக் பட்டு அது வெடித்தால் என்ஜினே காலி.